சுவரடிக் கதிரை

சனிக்கிழமை காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போன ரதீசன், திரும்பி வந்து தன் வீட்டுத் திறப்பை இரண்டு வீடு தள்ளியிருந்த கதவில் போட்டுத் திருகிக்கொண்டு நின்றான். லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டின் அந்தத் தெருவில் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு, யாருக்கும் தவறலாம்தான். ஆனால் தவறியவன் ஒருதரம் நிமிர்ந்து கதவிலக்கத்தைப் பார்ப்பான். இவன் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து தேவராசா வந்து கதவைத் திறந்தபோது, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ரூம் மாறிப்போச்சு. ரிசப்ஷன் எந்தப் பக்கம்?” என்று கேட்டிருக்கிறான்.

தேவராசாவுக்கு அது நல்ல பகிடியாகப் பட்டது. தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, “பின்னேரம் ஃபைனலை வைச்சுக்கொண்டு தம்பி விடுற பகிடியைப் பாருங்கோவன் பிள்ளை” என்று விழுந்து விழுந்து சிரித்தார். ரதீசனின் மனைவி விதுஷாவும் சிரித்தாள். மனுசன் படியிறங்கிப் போகும்வரை சிரித்துக்கொண்டே நின்றாள். கதவைச் சாத்தியதும் அவன் கையிலிருந்த திறப்பை வாங்கிக்கொண்டாள். பாண் எங்கே என்று புருஷனைக் கேட்டாள். ரதீசன் தன் வெறுங்கையைப் பார்த்தான்.

“கடை பூட்டிக் கிடந்தது,” என்றான்.

அந்தக் கடை பூட்டிக் கிடந்ததை அந்தத் தெருவில் ஒருவரும் கண்டதில்லை.

இவனுடைய தொழிலைச் சொன்னால் பக்கத்து ஈஸ்ட் ஹாம் தமிழரில் பாதிப் பேருக்கு இன்னும் விளங்காது. அமெரிக்கன் ஃபுட்பால். அதிலும் மண்டபத்துக்குள் ஆடுகிற வகை. ஐஸ் ஹொக்கி மண்டபத்தில் பச்சைக் கம்பளம் விரித்து, சுற்றிவர இடுப்பளவு சுவர் எழுப்பி, அதற்கு மெத்தை கட்டி, இந்தப் பக்கம் எட்டுப் பேரையும் அந்தப் பக்கம் எட்டுப் பேரையும் உள்ளே விட்டுவிடுவார்கள். வெளிமைதானம் என்றால், துரத்துகிறவனிடமிருந்து கோட்டுக்கு வெளியே கால் வைத்துத் தப்பலாம். இங்கே கோடு என்பதே சுவர்தான். ரதீசன் குவார்ட்டர்பேக். பந்தை வாங்கி, ஓடுகிற தன் ஆளுக்கு எறிவது அவன் வேலை. எறிவதற்குள் அவனை விழுத்துவதற்கென்றே எதிர்ப்பக்கத்தில் மாடு மாதிரி ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள். விதுஷாவின் பெரியம்மா கொக்குவிலிலிருந்து வீடியோவில் ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, “பந்தை அவங்களிட்டையே குடுத்திட்டு வரச் சொல்லு பிள்ளை” என்றார். இந்த விளையாட்டைப் பற்றி அந்தக் குடும்பத்தில் இதுவரை சொல்லப்பட்ட ஒரே புத்தியான கருத்து அதுதான்.

ரதீசன் ஜெர்மனியில் பிறந்து, அங்கேயே இந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டவன். அப்பா தில்லையம்பலம் பொறியியல் படி என்றார். மகன் பெட்டியைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா போனான். தொலைக்காட்சியில் வருகிற பெரிய அணிகளுக்கு அல்ல. நெப்ராஸ்காவிலும் அயோவாவிலும் ஒருவரும் பேர் கேள்விப்படாத ஊர்களில், மாசியில் திறந்து ஆனியில் மூடிவிடுகிற அணிகளுக்கு. ஏதோ ஓர் ஊரில் எறிகிறவனுக்குத் தோள் கழன்றால் ரதீசனுக்கு ஃபோன் வரும். புதன்கிழமை போய் இறங்குவான், சனிக்கிழமை ஆடுவான். கழன்ற தோள் சுகமானதும் அடுத்த ஊர். ஓர் அணியின் முதலாளி சீசன் நடுவில் பஸ்ஸையும் விற்றுப்போட்டு மறைந்துவிட, இவன் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு லொறியில் ஏறி அடுத்த மாநிலத்துக்குப் போனான். மொத்தம் எத்தனை அணி என்று கேட்டால் சிரிப்பான். அவனுடைய கை நல்ல கைதான். ஆனால் அவனைக் கூப்பிட்டது கைக்காக மட்டும் அல்ல, ஞாபகத்துக்காக. ஓர் அணியின் ஆட்டத் திட்டம் முழுவதையும் ஒரே பஸ் பயணத்தில் மனப்பாடம் பண்ணிவிடுவான். இப்போது அவனை விட்டுப் போய்க்கொண்டிருப்பது அந்த ஞாபகம்தான்.

விதுஷா கலியாணம் முடித்து, தில்லையம்பலம் ஜெர்மனியிலிருந்து குடிமாறியிருந்த லண்டனுக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் விமானம் ஏறியவள். குடித்தனம் தொடங்கியது நெடுஞ்சாலையோர மோட்டல் ஒன்றில். ஜன்னலைத் திறந்தால் சோளக்காடு. அவள் முறைப்பாடு செய்யவில்லை. அவனைப் பிடித்திருந்தது. சுடுதண்ணிக் கேத்தலில் நூடில்ஸ் அவித்துத் தந்து அதையும் ஒரு விருந்து மாதிரிச் சாப்பிடவைக்கத் தெரிந்தவன் அவன். ஆட்ட நாட்களில் வீரர்கள் உள்ளே வந்துபோகும் படலையடியில், சுவரோடு ஒட்டினாற்போல் அவளுக்கு ஒரு கதிரை போட்டுக் கொடுப்பார்கள். எந்த ஊரானாலும் அவள் இடம் அதுதான்.

தலையில் அடிபட்டு வருகிறவனிடம் அணியின் வைத்தியப் பொறுப்பாளர் சில கேள்விகள் கேட்க வேண்டும் என்பது விதி. எங்கே நிற்கிறோம்? இது எந்தப் பாதி? கடைசியாகப் புள்ளி போட்டது யார்? போன ஆட்டம் வென்றதா, தோற்றதா? சரியாகச் சொன்னால்தான் திரும்பவும் உள்ளே போகலாம். ஒரே ஊரில் இருக்கிறவனுக்கு இதில் கஷ்டமில்லை. கிழமைக்கு ஓர் ஊர் மாறுகிறவனுக்கு அடிபடாமலே முதல் கேள்விக்கு விடை தெரியாது. ஒருமுறை ரதீசன் தலையில் ஒரு குறையும் இல்லாமலே ஊர்ப் பெயர் தெரியாமல் முழித்து, வெளியே இருத்தப்பட்டு, அடுத்த கிழமை வேலையையும் இழந்தான். அதன்பிறகு விதுஷா சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். அவன் சுவரடிக்கு வந்து தலைக்கவசத்தைக் கழற்றுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில், பல்லிடுக்கால், தமிழில் சொல்வாள்: “கார்வில். ரெண்டாம் பாதி. நாங்கள்தான் போட்டது. போன கிழமை தோத்தது.” சுற்றுவட்டாரத்தில் தமிழ் தெரிந்த காக்கை குருவி கூட இல்லை. பகிடியாகத் தொடங்கிய வேலை. எந்த நாளிலிருந்து அவனுக்கு அது உண்மையாகவே தேவைப்பட்டது என்பதை இரண்டு பேரும் கதைத்துக்கொள்ளவில்லை.

அமெரிக்காவில் கடைசியாக ஆடிய ஊரில் பிடரி சுவரில் அடிபட்டு, வெளிச்சத்தைப் பார்க்க ஏலாமல் நாட்கணக்காக இருட்டறையில் கிடந்தான். ஆஸ்பத்திரி வைத்தியர் ஸ்கேன் படங்களைக் காட்டி, அவனிடம் அல்ல, விதுஷாவிடம் சொன்னார்: இன்னோர் அடி இப்படி விழுந்தால், எழும்புகிற ஆள் இவராகத்தான் இருப்பார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அத்தோடு நிறுத்திக்கொண்டு லண்டன் வந்தார்கள். நிறுத்தியது ஒரு மாரிகாலம் மட்டும்தான். இங்கேயும் மண்டப ஆட்டத்துக்கு ஒரு புதுத் தொடர் தொடங்கினார்கள். ஹெரன்ஸ் என்று, சட்டையில் கொக்குப் படத்தோடு ஓர் அணி. ஈஸ்ட் ஹாம் சனம் அதற்குக் கொக்கு டீம் என்று பேர் வைத்தது. கொக்கு டீமுக்கு எறிகிறவன் ஒருவன் தேவைப்பட்டான்.

தில்லையம்பலம் ஜெர்மனியில் மகனுடைய ஓர் ஆட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை. இப்போது ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் நகைக்கடைக் கண்ணாடியிலும் சேலைக்கடைக் கண்ணாடியிலும் மகனின் படத்தைக் கொண்டுபோய் ஒட்டியது அவர்தான். தான் பார்க்காமல் விட்ட காலமே இல்லாததுபோல, மகன் முப்பத்துநாலு வயதோடேயே பிறந்தவன் மாதிரி நடந்துகொண்டார். கோயிலில் அவன் பேருக்கு அர்ச்சனை. தெருவில் காணுகிறவர்களுக்கெல்லாம் டிக்கெட். விதுஷா ஒருநாள் அவரை இருத்தி வைத்து, வைத்தியர் சொன்னதை விட்டுவிடாமல் சொன்னாள். கிழவர் கவனமாகத்தான் கேட்டார்.

“பிள்ளை, இந்தக் கதை இந்த வீட்டை விட்டு வெளிய போகக் கூடாது,” என்றார். “தலையில வருத்தம் எண்டு சொன்னா எங்கட சனம் வருத்தம் எண்டு சொல்லாது. விசர், பைத்தியம் எண்டுதான் சொல்லும். நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தா அதுக்கும் அந்தப் பேர்தான். அவனுக்கு ஒண்டும் இல்லை. அடிபடாத விளையாட்டு எங்க இருக்கு?”

அவர் கெட்ட மனுசன் அல்ல. அதுதான் விதுஷாவுக்கு எரிச்சல். கெட்ட மனுசன் என்றால் சண்டை பிடித்திருக்கலாம்.

கொக்கு டீமின் வைத்தியப் பொறுப்பு கோசிகா என்ற பிசியோவிடம் இருந்தது. லண்டனிலேயே, குட்மேய்ஸில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ் முழுக்க விளங்கும், வாயைத் திறந்தால் பாதி ஆங்கிலம். அதனால் லண்டனில் விதுஷா சொல்லிக் கொடுப்பதைக் கோசிகா கிட்ட வருவதற்குள் முடிக்க வேண்டியிருந்தது. சீசன் தொடங்கும்போது எல்லோருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு ஞாபகப் பரீட்சை வைத்தார்கள். பிறகு யாருக்காவது அடிபட்டால், அந்தப் பழைய மார்க்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. ரதீசன் வேண்டுமென்றே பிழை பிழையாகச் செய்து, மார்க்கைக் குறைத்து வைத்துக்கொண்டான். பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி விதுஷாவோடு சிரித்தான். ஃபைனலுக்கு முந்திய வியாழக்கிழமை, பயிற்சியில் தலை முட்டியதால் மறுபடி பரீட்சை எழுதினான். இந்த முறை உண்மையாகவே முயன்று, நெற்றி வியர்க்க வியர்க்கச் செய்தான். விதுஷா வாசலில் நின்று பார்த்தாள்.

“ஹி இஸ் ஃபைன், அக்கா,” என்றாள் கோசிகா சந்தோஷமாக. “சேம் ஸ்கோர். ஒரு டிஃபரன்ஸும் இல்ல.”

விதுஷாவுக்கு மட்டும் அது விளங்கியது. வேண்டுமென்றே குறைத்து எடுத்த மார்க்கைத்தான் இப்போது அவன் உயிரைக் கொடுத்து எடுத்திருக்கிறான்.

பாண் இல்லாமல் திரும்பி வந்த அந்தச் சனிக்கிழமை, தேவராசா போன பிறகு, அவள் கெஞ்சியே கேட்டாள். “இண்டைக்குப் போகாதேங்கோ. என்னை நினைச்சாவது போகாதேங்கோ.”

“கடைசி மேட்ச் விது. இதோட சரி.”

“இதோட சரி எண்டு எத்தினை ஊரில சொன்னீங்கள்? நான் கோசிகாவிட்டச் சொல்லுவன். எல்லாத்தையும் சொல்லுவன்.”

அவன் கோபப்படவில்லை. தன்பாட்டுக்குச் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு சொன்னான். “சொல்லு. போலந்தில ஒரு டீம் கேட்டுக்கொண்டிருக்கு. நான் அங்க போவன். அங்க கோசிகாவும் இல்லை, சுவரடியில நீயும் இல்லை.”

அவன் வெருட்டவில்லை, அவனுக்குத் தெரிந்த உலகம் அப்படித்தான் இருந்தது. ஓர் ஊரில் மறித்தால் அடுத்த ஊர் திறந்திருக்கும். அவளுக்கும் அது தெரியும். அவன் போகிற இடத்தில் தான் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். பிறகு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அவனோடு புறப்பட்டாள். கார்ச் சாவியை அவள்தான் எடுத்தாள். அவன் மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினான்.

மண்டபம் ஆற்றங்கரையில், பழைய துறைமுகப் பக்கம். மேலே தாழப் பறக்கிற விமானங்களின் சத்தம் கூரையில் அதிரும். எதிரணி லீட்ஸிலிருந்து வந்திருந்தது. பாதி மண்டபம் நம்முடைய சனம். யாரோ மட்டன் ரோல்ஸ் பெட்டியைத் திறந்து வரிசை வரிசையாகக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். தில்லையம்பலம் மேலே நடு வரிசையில், கழுத்தில் கொக்கு டீம் சால்வையோடு, பக்கத்திலிருந்தவர்களுக்கு ஆட்டத்தை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். அவருக்கே அது விளங்காது. எதிர்ச்சுவரில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, ஆளுயர எழுத்துகளில் லண்டன் என்று எழுதியிருந்தது.

முதல் பாதி நன்றாகப் போனது. சொல்லப்போனால் அழகாகப் போனது. பந்து அவன் கையை விட்டுப் போகும்போது ஒரு சத்தமும் இல்லாமல், ஓடுகிறவனின் விரலில் போய் இருந்தது. “எறியடா தம்பி!” என்று மண்டபம் கத்தியது. விதுஷாவுக்கு நெஞ்சு நிறையப் பெருமை வந்தது. அப்படி வந்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பும் வந்தது. இவ்வளவும் கையில் இருக்கிறது, இன்றைக்கு ஒன்றும் நடக்காது, நாளைக்குக் கெஞ்சிப் பார்க்கலாம் என்று கொஞ்ச நேரம் நம்பினாள்.

இரண்டாம் பாதியில் அவன் தன் ஆட்களைக் கூட்டி வைத்து அடுத்த நகர்வைச் சொல்கிறபோது, அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைக் கண்டாள். ஒருவன் தோளைக் குலுக்கினான். பந்து வந்தது. ரதீசன் பின்வாங்கி, இடது மூலையைப் பார்த்து, தயக்கமே இல்லாமல் எறிந்தான். அந்த மூலையில் யாரும் இல்லை. வேறேதோ ஊரில், வேறேதோ அணியில், அந்த நேரத்துக்கு அந்த மூலைக்கு ஒருவன் ஓடி வந்திருப்பான். மண்டபம் ஓ என்று சிரித்தது. அடுத்த பந்துக்கு அவன் அதே மூலையைப் பார்த்துக்கொண்டு காத்து நின்றான். எறியவில்லை. வராத ஆளுக்காக நின்றான். லீட்ஸின் பெரிய ஆள் வந்தான்.

இரண்டு பேரும் ஒன்றாக வந்து விதுஷாவுக்கு முன்னால் சுவரில் மோதினார்கள். அவளுடைய கதிரை அதிர்ந்தது. ரதீசனின் பிடரி மெத்தையில் படவில்லை. மேல் விளிம்பில் பட்டது. சத்தம் பெரிதாக இல்லை. பெரிதாக இல்லாததுதான் அவளைப் பயமுறுத்தியது.

அவன் எழும்பினான். சனம் கைதட்டியது. படலையைத் தள்ளித் திறந்து வந்து, தலைக்கவசத்தைக் கழற்றிச் சுவரில் வைத்தான். அடுத்த பக்கத்தில் யாருக்கோ கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்த கோசிகா பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தாள். ரதீசன் விதுஷாவைப் பார்த்தான். சொல்லு என்கிற பார்வை.

லண்டன் என்று சொல்ல வாயைத் திறந்தவள், “லீட்ஸ்,” என்றாள். “முதல் பாதி. அவங்கள்தான் போட்டது. போன கிழமை மேட்ச் இல்லை.”

எல்லாம் பொய். எதிர்ச்சுவரில் ஆளுயரத்தில் எழுதிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, என்னடி விசர்க்கதை என்று கேட்பான் என்று எதிர்பார்த்தாள். கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். கோபத்தில் கத்தினால்கூடப் போதும். அவன் இன்னும் அவன்தான் என்று ஆறுதல்படலாம். கத்தட்டும், எல்லோருக்கும் முன்னால் அவளை அவமானப்படுத்தட்டும், போலந்துக்கே போகட்டும்.

“தாங்ஸ் விது,” என்றான் அவன்.

கோசிகா வந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். “அண்ணா, லுக் அட் மீ. எங்க நிக்கிறம்?”

“லீட்ஸ்.”

கோசிகா சிரித்துவிட்டாள். “கமோன் அண்ணா. சீரியஸ்.”

“லீட்ஸ்,” என்றான் மறுபடியும், பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டு வந்த பிள்ளையின் நிச்சயத்தோடு. “முதல் பாதி. அவங்கள்தான் போட்டது.” எதிர்ச்சுவர் அவன் கண்ணுக்கு நேரே இருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

கோசிகாவின் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்தது. விதுஷாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சின்ன டோர்ச்சை எடுத்து அவன் கண்ணில் அடித்து, மற்றக் கண்ணிலும் அடித்து, திரும்பவும் முதல் கண்ணுக்கு வந்தாள். ஒரு கையால் டோர்ச்சைப் பிடித்தபடியே மறுகையால் சுவரிலிருந்த தலைக்கவசத்தை எடுத்து, பின்னால் நின்றவனிடம் கொடுத்து, ஒளித்து வைக்கச் சொன்னாள். கவசம் இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. அங்கிருந்து கோச் கத்தினார். கோசிகா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வாசலில் நின்ற அம்புலன்ஸ் ஆட்களுக்குக் கையைக் காட்டினாள்.

ரதீசனை விதுஷாவின் கதிரையில் இருத்தினார்கள். அவன் ஒரு எதிர்ப்பும் காட்டவில்லை. அவள் குந்தி இருந்து அவன் கையைப் பிடித்தாள். எறிகிற கை. அது குளிர்ந்துபோயிருந்தது, விரல்கள் தாங்களாகவே மெல்ல மெல்ல மூடித் திறந்தன. அவனைப் பிடித்துக் கொடுக்கத்தான் அவள் பொய் சொன்னாள். பிடிபட்டது இவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. “என்னப்பா, என்னைப் பாருங்கோ,” என்றாள். “என்னைப் பாத்துக்கொண்டே இருங்கோ.”

மேலேயிருந்து தில்லையம்பலம் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். முழங்கால் ஏலாது, ஆனால் வாய் ஏலும். “ஆர் அவனை வெளிய எடுத்தது? எழும்பி நிண்டவன்தானே! அவனுக்கு ஒண்டும் இல்லை. ஏன் பிள்ளை, நீ சொல்லன் அவையளுக்கு! சனமெல்லாம் இவனைப் பாக்கத்தானே வந்தது!”

அந்தக் குரலைக் கேட்டு ரதீசன் திரும்பினான். அப்பாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பிறகு கவலையில் சுருங்கியது.

“விது, அப்பா ஏன் இவ்வளவு தூரம் வந்தவர்?” என்றான். “முழங்காலோட. லண்டனில இருந்து இஞ்ச வரைக்கும் ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?”

தில்லையம்பலம் ஈஸ்ட் ஹாமிலிருந்து பஸ் ஏறி வந்தவர். கடைசிப் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக அப்படியே நின்றார். மகனுடைய முகத்தைப் பார்த்தார். விதுஷாவைப் பார்த்தார். அவள் ரதீசனின் கையை இன்னும் விடவில்லை. அம்புலன்ஸ் ஆட்கள் தள்ளுகட்டிலோடு படலைக்குள் வந்துகொண்டிருந்தார்கள். கிழவர் கைப்பிடியை விட்டுவிட்டு, நோகிற முழங்காலை மடித்து, மகனுக்கு முன்னால் தரையில் இருந்தார். சால்வையைக் கழற்றி அவனுடைய தோளில் போட்டார்.

“ரெயினில வந்தனான் அப்பன்,” என்றார். “வழி முழுக்க நித்திரை. தூரம் தெரியேல்லை.”